நான்காவது பெயர்

“அந்த லைனிங் துணியில மிச்சம் ஏதாவது கெடக்கா?”

அவர் கேட்டபோது அவள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மதியம் பிடித்த மழை சாயங்காலம் ஐந்து மணிக்கும் விடவில்லை. சாரல் படாமல் இருக்கத் தையல் மெஷினை ஜன்னலைவிட்டுச் சுவர்ப் பக்கம் நகர்த்தியிருந்தாள். அங்கே வெளிச்சம் போதவில்லை. ஊசிக்கண் தெரியாமல் இரண்டு தடவை நூலை நாக்கில் நனைத்தாகிவிட்டது.

“எந்த லைனிங்?”

“வலைக்கு ஒட்டுப் போட்டியே, அது.”

“அது நடந்து மூணு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு? கோட்டு தைச்சுப் போட்டுக்கப் போறீங்களா?”

“இருக்கா, இல்லையா?”

“தேடினாத்தானே தெரியும். இதை முடிச்சுக்கறேன்.”

அவர் காத்திருக்கவில்லை. வெட்டுத்துணி மூட்டையை இழுத்துவந்து நடுக்கூடத்தில் கவிழ்த்துவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தாள். குவியலுக்குள் கைவிட்டு அரை நிமிடத்தில் சந்தன நிறத் துண்டு ஒன்றை உருவி நீட்டினாள். உள்ளங்கை அளவுகூட இல்லை.

“ஆயிரம் பூச்சியில ஒரு பூச்சியைக் கண்டுபிடிக்கிற ஆளு! வீட்டுல ஒரு துணியைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல.”

அவர் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து வலைத்துணித் துண்டு ஒன்றை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். பூதக்கண்ணாடியைக் கவிழ்த்துக் குனிந்து, ஊசிமுனையால் ஒவ்வோர் இழையாகத் தள்ளி எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. அவர் எண்ணும்போது பேசக் கூடாது. கல்யாணமாகி முதல் மாதத்திலேயே அவள் கற்றுக்கொண்ட பாடம் அது.

அவருக்கு ஆராய்ச்சி நிலையத்தில் எண்ணுகிற வேலை. ஊருக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரியில், செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் படகில் போவார். கூம்பு மாதிரித் தைத்த மெல்லிய வலையை ஆழத்தில் இறக்கி மெதுவாக மேலே இழுப்பார். வலையின் நுனியில் கட்டிய குப்பியில், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் சேரும். அடுத்த மூன்று நாளும் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வகை எத்தனை என்று எண்ணுவார். மீன்குஞ்சுகளுக்கு அவைதான் சாப்பாடு. அவை குறைந்தால் ஏரிக்கு நோய். இப்படி இருபத்தாறு வருஷம். நிலையத்தில் எல்லோரும் அவரைப் பூச்சிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் போனை எடுத்தால் “பூச்சிக்காரர் பேசறேன்” என்பார்.

நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

“உன் துணி ரொம்ப நெருக்கம். வலையில இருக்கிற ஓட்டைக்கு இதுல பாதிகூட இல்ல.”

“நல்ல துணியாச்சே. கோட்டுக்குன்னு ஒருத்தர் வெளியூர்ல இருந்து வாங்கிட்டு வந்தது.”

“அதுதான் வம்பு. வலைன்னா பொடிசெல்லாம் வெளிய போகணும், பெரிசு மட்டும் நிக்கணும். உன் ஒட்டு எதையும் வெளிய விடல. எல்லாத்தையும் வழிச்சுக் குப்பிக்குள்ள தள்ளியிருக்கு.”

“அப்ப என் தையல் சரியில்லைங்கறீங்க?”

“தையல் சரியில்லாம இருந்திருந்தாப் பொழைச்சிருப்போம். நீ ஒரு இழைகூட விடாம தைச்சிருக்கியே!” சிரித்தார். “ரெண்டு வருஷம் எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்க. அதுவும் ஓசியில.”

மூன்று வருஷத்துக்கு முன் படகு ஆணியில் மாட்டி வலை கிழிந்தது. புது வலைக்கு எழுதிப்போட்டால் வரப் பல மாதமாகும் என்றார்கள். ஒரு செவ்வாய்கூட விட்டுப்போகக் கூடாது என்று அவர் வலையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள்தான் குப்பிக்குச் சற்று மேலே, இருந்த துணியிலேயே மெல்லியதாகப் பார்த்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். புது வலை வந்து சேர இரண்டு வருஷம் ஆயிற்று.

சாப்பிட உட்கார்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அவர் சொன்னார்:

“நிலையத்துல எழுதற அந்த ஆராய்ச்சிப் பேப்பர்ல என் பேரு வேணாம்னு காலையில போய்ச் சொல்லிடணும்.”

அவள் கை அப்படியே நின்றது. “வேணாமா? சட்டைக்கு அளவு குடுக்க வர்றவங்க கிட்டெல்லாம் சொல்லிட்டேனே!”

“இல்லாத பூச்சியை இருக்குன்னு எழுதியிருக்கு. மேல இருந்த சாயப்பட்டறையை மூடினதும் ஏரியில உயிர் மூணு மடங்காச்சாம். மூணு மடங்கு இல்ல. ஒண்ணரைகூட இருக்குமோ என்னமோ. பாக்கியெல்லாம் உன் ஒட்டு புடிச்சது. அந்த ரெண்டு வருஷத்தைத் தள்ளிட்டு எழுதட்டும், அப்பறம் என் பேரைப் போடட்டும். எங்க ஓடிப்போகுது?”

“என்னமோ செய்யுங்க” என்று அவள் கொஞ்சம் சோற்றை அவர் தட்டில் தள்ளினாள். அவளுக்கு மனசு சுணங்கிவிட்டது. மறுபடி பேசவில்லை.

மறுநாள் ஏழேகாலுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் வந்து நின்றபோது எழுந்திருக்கவில்லை. தினமும் ஏற்றிக்கொண்டு போகிறவர் என்பதால் டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார்.

*

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் நிலையத்துப் பேராசிரியரும் அவரிடம் ஆராய்ச்சி செய்யும் மாணவியும் வீட்டுக்கு வந்தார்கள். மழைக்காலம் போய்ப் புழுக்கம் ஆரம்பித்திருந்தது. தைக்கக் கொடுத்த துணிகள் பெயர்ச்சீட்டுக் குத்தியபடி அலமாரியில் மடித்துக் கிடந்தன. யாரும் அவசரப்படுத்தவில்லை. அவளும் மெஷின் உறையை எடுக்கவில்லை.

கணவரின் தங்கைதான் துணைக்கு இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அண்ணன் போன நாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே இங்கேதான் வருவாள். வாய் சும்மா இராது. அந்த வாய் இல்லாவிட்டால் அந்த மூன்று வாரத்தை எப்படித் தாண்டியிருப்போம் என்று தையல்காரி பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேநீர்க் கோப்பையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுக்காரர் இல்லாம அந்த ரூம் ரூமாவே இல்லம்மா” என்றார். “பேப்பரைப் பத்திரிகைக்கு அனுப்பிட்டோம். ஏத்துக்கிட்டாங்க. அஞ்சு பேர்ல அவர் பேரு நாலாவது.”

மாணவி நிமிர்ந்து பார்த்துச் சிரிக்க முயன்றாள். இன்னும் பட்டம் வாங்காத அவளைப் பூச்சிக்காரர் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். ஐந்து வருஷமாக அவருடைய அடுத்த மேஜையில் உட்கார்ந்து எண்ணப் பழகியவள். அவர் பெயர் கட்டுரைக்குள் வந்ததே இவளால்தான். பேராசிரியர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. கட்டுரை முடிந்ததும் யார் யார் பெயர், எது முன்னே எது பின்னே என்று அதில் எழுதி அழித்து முடிவு செய்வார்கள். எண்ணுகிறவர்கள் பெயர் அந்தப் பலகையில் ஏறுவதில்லை. பதினோரு கட்டுரையிலும் அவருக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு நன்றி. எங்கே வலை இறக்க வேண்டும், எத்தனை ஆழம், ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பூச்சியை எப்படிப் பிரிப்பது, எல்லாமே அவர் ஏற்படுத்தியது என்று சொல்லி, இவள்தான் பலகையில் அவர் பெயரை எழுதினாள். பேராசிரியர் அழித்தார். மறுநாள் மறுபடி எழுதினாள். மூன்றாவது நாள் அவர் அழிக்காமல் விட்டுவிட்டார். இதைப் பூச்சிக்காரரே வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறார்.

“ஒரே ஒரு கையெழுத்து வேணும்க்கா” என்று மாணவி ஒரு தாளை நீட்டினாள். “பேரு போட்டவங்க எல்லாரும் பேப்பரைக் கடைசியா ஒரு தடவை படிச்சுச் சம்மதம்னு எழுதித் தரணும். அண்ணா இல்லாததால வீட்டுக்காரங்க எழுதித் தரலாம்னு சொல்லியிருக்காங்க.”

“என்னன்னு?”

மாணவி வாசித்தாள். இறந்துபோன ஆசிரியர் இக்கட்டுரையின் இறுதி வடிவத்தைத் தம் வாழ்நாளில் படித்து ஏற்றுக்கொண்டார் என்று அவர் குடும்பத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன்.

“படிச்சாரே! ரெண்டு நாள் கேன்டீன்ல உக்காந்து வரி வரியா நான்தான் சொன்னேன். ‘யோசிச்சுச் சொல்றேன் டாக்டரம்மா’ன்னார். அவர் எப்பவும் அப்படித்தானே சொல்வார்?”

“என் அண்ணன் பேரு அச்சுல வருதா?” நாத்தனார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “அண்ணி, பேனா எங்க? போடு, போடு.”

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். ‘ஏற்றுக்கொண்டார்’ என்ற இடத்தில் கண் நின்றது.

“இருக்கட்டும். ரெண்டு நாள்ல தர்றேன்” என்றாள்.

பேராசிரியர் அவசரமாகத் தலையாட்டினார். “தாராளமா. அந்தப் பேரைப் பார்க்கிறப்போ இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கும். புரியுது.”

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை நாத்தனார் பொறுத்திருந்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு என்ன வந்துச்சு அண்ணி? வீடு தேடி வந்து குடுக்கறாங்க, நீ ரெண்டு நாள்ங்கற!”

அவள் சொன்னாள். மழை, வலை, லைனிங் துணி, ஆறிப்போன சோறு, எல்லாம். இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நாத்தனார் வாயில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“இது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத்தான்.”

“அப்ப எனக்கும் தெரியாது. நீ சொல்லல, நான் கேக்கல.” பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இங்க பாரு அண்ணி. பூச்சி மூணு மடங்கா ஒண்ணரை மடங்கான்னு எந்த மனுஷன் பட்டினி கெடக்கான்? அவன் உசிரோட இருந்தா போய்ச் சொல்லியிருப்பான், சரி. இல்லையே. அவன் பேரு ஒரு எடத்துல இருக்கட்டுமே.”

“வேணாம்னு சொன்னாரே.”

“கோவத்துல சொல்லியிருப்பான்.”

“கோவமே இல்ல. சிரிச்சுக்கிட்டே சொன்னார்.”

நாத்தனார் எழுந்துவிட்டாள். உள்ளே போய் அலம்பிய பாத்திரத்தையே மறுபடி அலம்பினாள்.

அவளுக்கு இரண்டு நாளும் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பெயரை அவரைவிட அவள்தான் அதிகம் விரும்பினாள். அது அவளுக்கே தெரியும். இன்னொன்றும் இருந்தது. உண்மையைச் சொன்னால் ஒட்டுப் போட்டது யார் என்ற பேச்சு வரும். முப்பது வருஷத்தில் அவள் தைத்த ஒரு துணிகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. இப்போது ஒன்று வரும். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டும் தீர்ந்தது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினாள். அப்படி நாலு தடவை.

*

மூன்றாம் நாள் மாணவி மட்டும் வந்தாள். வெயிலில் நடந்து வந்து முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கேட்டு வாங்கி நின்றபடியே குடித்தாள்.

“அக்கா, அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. ஒரு வேலைக்குப் போட்டிருக்கேன். பேப்பர் வந்துடுச்சுன்னு இந்த மாசக் கடைசிக்குள்ள காட்டணும். அதான்...”

“உக்காரு டாக்டரம்மா.”

அந்த அழைப்பைக் கேட்டதும் மாணவி தம்ளரைக் கீழே வைத்தாள். உட்கார்ந்தாள்.

தையல்காரி நாத்தனாரிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். இந்தத் தடவை நீட்டவில்லை. ஒட்டு என்னுடையது என்பதை முதலில் சொன்னாள்.

மாணவிக்கு வந்தது அழுகை இல்லை, கோபம்.

“என்கிட்ட ஏன் சொல்லல? பக்கத்து மேஜையிலதானே இருந்தேன்? ரெண்டு நாள் தொண்டை வறள வாசிச்சேனே, அப்ப ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நிச்சயமாத் தெரியாம சொல்ல மாட்டார். அன்னிக்குக் காலையில சொல்லத்தான் கிளம்பினார்.”

“எதை வெச்சு நிச்சயம்? துணியில இழை எண்ணினா ஆச்சா?”

அவள் எழுந்து போய் அவர் பையை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பை. சாப்பாட்டு டப்பாவை மட்டும் அன்றே எடுத்துக் கழுவி வைத்தாள். மற்றதில் கை வைக்கவில்லை. இப்போதும் அவளால் திறக்க முடியவில்லை. பையை மாணவியின் மடியில் வைத்தாள்.

குடை. மாத்திரை அட்டை. அச்சடித்த கட்டுரை. அதற்குள் நாலாய் மடித்த ஒரு தாள். மாணவி பிரித்தாள். ஆறு செவ்வாய்க்கிழமைகளின் தேதி. ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில், இரண்டு தடவை வலை இறக்கியிருந்தார்: முதலில் புது வலை, பிறகு ஒட்டுப் போட்ட பழைய வலை. வகைவாரியாக எண்கள். பெரிய பூச்சிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. பொடிசுகள் பழைய வலையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. ஆறு வாரமும் அப்படியே.

“படகுக்காரர் சொன்னார்” என்றாள் மாணவி மெதுவாக. “பூச்சிக்காரருக்கு வயசாயிடுச்சு, இழுத்த எடத்துலயே மறுபடி இழுக்கறார்னு. நாங்க எல்லாரும் சிரிச்சோம்.”

தாளை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள்.

“இதை நான் இங்கேயே வெச்சுட்டுப் போயிடலாம்க்கா” என்றாள். “நீங்க கையெழுத்துப் போட்டா அண்ணா பேரும் வந்துடும், எனக்கு வேலையும் வந்துடும்.”

“ஆமா.”

“நீங்க ஏதாவது சொல்லுங்களேன்.”

“நான் என்னத்தைச் சொல்ல? எனக்கும் பேனாவை எடுக்கறதும் வைக்கறதுமாத்தான் ரெண்டு நாள் போச்சு.”

மாணவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துத் தன் பையில் வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அந்தப் பழைய வலை ஸ்டோர்ல தொங்குது. தூக்கிப் போட்டுடாம இருக்கணும்” என்றாள்.

*

பேராசிரியரைக் குறை சொல்ல முடியாது. தாளைப் பார்த்ததும் பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையை நிறுத்தினார். அடுத்த மூன்று செவ்வாய் தானே படகில் போனார். பதினைந்து வருஷமாக ஏரியில் கால் வைக்காதவர். முதல் நாள் வாந்தியெடுத்தார் என்று படகுக்காரர் சொன்னாராம். பேராசிரியர் இரண்டு வலையையும் இறக்கிப் பார்த்தபோதும் அதே கதைதான். இரண்டு வருஷத்துக் கணக்கைத் தள்ளிவிட்டு முதலிலிருந்து எழுதினார்கள். மூன்று மடங்கு ஒன்றரையாயிற்று. பெரிய பத்திரிகை, இது எங்களுக்குப் போதாது என்று திருப்பி அனுப்பியது. வேறொன்று எடுத்துக்கொண்டது. இதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது. மாணவி கேட்டிருந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

அவள் மெஷின் உறையை எடுத்திருந்தாள். மடித்துக் கிடந்ததையெல்லாம் தைத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்து இழை நெருக்கம் பார்க்கும் பழக்கம் மட்டும் புதிதாக ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் பேராசிரியர் அவளை நிலையத்துக்கு வரச் சொன்னார். நாத்தனாரும் கூட வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மாணவி ஏற்கெனவே அந்த அறையில் இருந்தாள். வெள்ளைப் பலகையில் நாலு பெயர் எழுதியிருந்தது.

“எனக்கே சொல்ல வாய் வரலம்மா” என்று ஆரம்பித்தார். “பழைய பேப்பரை அவர் படிச்சார். வேணாம்னார். அவர் சொன்னபடி மாத்திட்டோம். ஆனா மாத்தினதை அவர் படிக்கல.”

“எப்படிப் படிப்பார்?”

“அதுதான் சிக்கல். பேரு போடறதுங்கறது மரியாதை மட்டும் இல்ல. இதுல இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் நான் பொறுப்புன்னு சொல்றது. படிக்காதவர் அதைச் சொல்ல முடியாதுன்னு பத்திரிகையில சொல்றாங்க.”

அவள் பலகையைப் பார்த்தாள். “அவர் சொன்னதாலதானே சார் இது மாறிச்சு?”

“ஆமா.”

“எண்ணினதும் அவர்தான்.”

“ஆமாம்மா.”

“அந்த எண்ணையெல்லாம் அவரைக் கேக்காமலே எடுத்துக்கலாம். பேரை மட்டும் கேட்டுத்தான் போடணும், இல்லையா?”

பேராசிரியர் பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. பலகைக்குக் கிட்டே போய்க் கடைசிப் பெயரைக் காட்டினாள். “இது யாரு?”

“எங்க இயக்குநர்.”

“அவர் ஏரியைப் பார்த்திருக்காரா?”

“இல்ல.”

“இதைப் படிச்சாராவது?”

“அனுப்பியிருக்கோம். படிச்சதா எழுதிக் குடுத்திருக்கார்.”

“நல்லாருக்கு சார். உசிரோட இருக்கிறவர் படிக்காம கையெழுத்துப் போட்டா செல்லும். செத்தவன் படிச்சுட்டுத் தப்புன்னு சொன்னா அவன் பேரு செல்லாது. எங்க ஆஸ்பத்திரியில கூட இப்படி ஒரு சட்டம் இல்ல.”

பேராசிரியரின் காது சிவந்தது. “நீங்க சொல்றது நியாயம்தான்” என்றார். “அந்தப் பேரை எடுக்கிற தைரியம் எனக்கு இல்ல.” அப்படி வெளிப்படையாகச் சொல்வார் என்று நாத்தனாரே எதிர்பார்க்கவில்லை. வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வழி இருக்கு” என்றாள் மாணவி. “இந்த வடிவத்தை அண்ணா பார்த்தார்னு வீட்டுல எழுதிக் குடுத்தா ஏத்துக்குவாங்க. தேதி யாரும் கேக்க மாட்டாங்க. அக்கா, பொய்னு ஏன் நினைக்கறீங்க? அவர் இருந்தா இதைத்தானே ஒத்துக்கிட்டிருப்பார்? ஒரே ஒரு வரி.”

தாள் தையல்காரியின் முன்னால் வந்தது. பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையெழுத்துப் போட்டாலும் அவர் தடுக்கப்போவதில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. நாத்தனார் இந்தத் தடவை “போடு” என்று சொல்லவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பார்க்காததைப் பார்த்தார்னு நான் எழுதறதா?” என்றாள் அவள். “அப்ப அவர் ஆறு செவ்வாய் எதுக்கும்மா போனார்?”

வெற்றுத்தாள் ஒன்று கேட்டு வாங்கி எழுதினாள். பெரிய எழுத்தில், மெதுவாக, ஒன்பது வரி. என் கணவர் பழைய கட்டுரையைப் படித்தார். இரண்டு வருஷக் கணக்கு தவறு என்றார். வலைக்கு ஒட்டுப் போட்டது நான். அந்தக் கணக்கை நீக்கினால் தம் பெயரைப் போடலாம் என்றார். மறுநாள் காலை இறந்துவிட்டார். இந்தப் புதிய கட்டுரையை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒவ்வோர் எண்ணையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்லியிருப்பார். என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சொல்லவில்லை.

பேராசிரியர் அதை மொழிபெயர்த்துப் பத்திரிகைக்கு அனுப்பினார். தன் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதியும் வைத்தார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். முடியாது என்றும் எழுதியிருந்தார்கள்.

*

கட்டுரை வந்தபோது கோடை முடிந்துகொண்டிருந்தது. மாணவி ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேறு ஊரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போவதாகச் சொன்னாள். தற்காலிக வேலைதான். நாத்தனார் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். கடைசிப் பக்கத்தில், படகுக்கும் பண உதவிக்கும் நன்றி சொன்ன பத்தியில், அவருக்கு இரண்டு வரி இருந்தது. வலையில் இருந்த பிழையைக் கண்டறிந்து சொன்னதற்காக. பழைய பதினொன்றைவிட ஒரு வரி அதிகம்.

“எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சுக்கா” என்றாள் மாணவி போகும்போது. “இப்பவும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும். எனக்கும் என் மேல இருக்கு” என்றாள் அவள்.

அதற்கடுத்த வாரம் அவருடைய அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வரும்போது எண்ணும் அறைக்கதவு திறந்திருந்தது. அவர் இடத்தில் புதிதாக வந்த பெண் ஒருத்தி நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். இடது கை குமிழைத் திருக, வலது கை தாளில் குறித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் நின்றதைக் கவனிக்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேஜையோரத்தில் வெற்றுப் படிவங்கள் ஒரு கட்டு இருந்தன. பூச்சி வகைகளின் பெயர்கள், தேதி, ஆழம், எண்ணியவர் என்று கட்டங்கள். அவர் முதல் வருஷத்தில் கையால் கோடு போட்டு எழுதிய தாள் அது. அதைத்தான் நகலெடுத்து நகலெடுத்து இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். மூன்றாவது கோட்டில் அளவுகோல் நழுவியிருக்கிறது. எல்லாத் தாளிலும் அந்தக் கோடு கொஞ்சம் கோணல்.